34 பைட் வணக்கம்

தொண்ணூறுகளில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, தைப்பூசப் பால்குட நோட்டீஸ், தீபாவளி மலர் விளம்பரம், பதினாறாம் நாள் அழைப்பு என்று எழுத்தாக வந்த தமிழையெல்லாம் படமாக மாற்றி அனுப்புவேன். இப்போது ஓய்வு பெற்று அங் மோ கியோ வீட்டில் உட்கார்ந்து அதே படங்களை மறுபடி எழுத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். இடைப்பட்ட காலத்துக்குத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று பெயர்.

எழுத்தை ஏன் படமாக்க வேண்டும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அன்று தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி எழுத்துகளைக் குடியேற்றியிருந்தார்கள். ஒருவர் 'அ'வை ஆங்கில எழுத்தின் இடத்தில் வைப்பார். இன்னொருவர் அதைத் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தின் இடத்தில் வைப்பார். கோப்பு போகும் இடத்தில் அதே எழுத்துரு இல்லாவிட்டால், 'திருநிறைச்செல்வி' என்று அடித்தது பிரெஞ்சுக்காரர் தும்மியது மாதிரி திரையில் வரும். கல்யாண வீட்டுக்காரர் அதைப் பார்த்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

அச்சுக்கு ஃபிலிம் எடுக்கிற கடை ஜாலான் புசார் பக்கம் இருந்தது. அங்கிருந்த சீன நண்பர் கான்டனீஸ் பேசுவார், மலாய் பேசுவார், கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். தமிழைக் கண்டால் மட்டும் இரண்டு கையையும் தூக்கிவிடுவார். "ஃபான்ட் நோ லா. பிக்சர் கேன்." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எழுத்துருவை ஏற்றினால் அவர் கணினி படுத்துவிடும். படம் என்றால் அதில் தமிழ் இருந்தாலும் தாமரைப்பூ இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஆகவே டிஃப் என்ற படக்கோப்பு. ஏ4 அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி, நான்கு வண்ணம் என்றால் ஒரு கோப்பு ஏறக்குறைய 35 மெகாபைட். ஃபிளாப்பியில் கொள்வது 1.44. ஒரு கல்யாணச் சுவரொட்டியைக் கொண்டுபோக 25 ஃபிளாப்பி வேண்டும், அதில் 24 நல்லதாக இருந்தும் பயனில்லை. பிறகு 100 மெகாபைட் ஜிப் டிஸ்க் வந்தது. ஒரு டிஸ்க்கில் இரண்டு சுவரொட்டி அடங்கியது. சட்டைப்பையில் ஜிப் டிஸ்க்கோடு வெயிலில் ரோவெல் ரோட்டைக் கடந்து போகும்போது எதிர்காலத்தையே சுமந்துகொண்டு போவதாக ஓர் எண்ணம். அந்த டிஸ்க்குகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் படிக்கிற பெட்டிதான் இல்லை.

இந்தக் கூத்தில் ரசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியது 1991ஆம் ஆண்டிலேயே. நாங்கள் டிஸ்க் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் முழுக்கத் தமிழ் தரப்பட்டியலில் இருந்தது, கணினியில் இல்லை. அது விண்டோஸில் முறையாக வந்து சேர 2000 ஆயிற்று. மனை ஒதுக்கி ஒன்பது வருடம் கழித்து வீடு கட்டியது போல.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் நின்றவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுதியவர், ஆசிரியர்களுக்கு ஆசிரியர், 'கணியன்' மென்பொருளைத் தந்தவர். இணையத்தில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கங்களுள் அவையும் சேரும். எழுத்தை எழுத்தாகவே அனுப்ப வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1997 மே மாதம் உலகெங்கும் இருந்த தமிழ்க் கணிமைக்காரர்களை இங்கே கூட்டித் தமிழ்நெட் மாநாடு நடத்தினார். ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு குறியீடு என்ற குழப்பத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் சூடு பிடித்தது. 1999ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு இதே ஊரில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' என்ற தமிழ்க் கணிமை அமைப்பு பிறந்தது.

மாநாட்டில் எழுத்து வாழ்க என்று பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் மாடியில் படம் ஆட்சி செய்தது. சங்கங்களுக்கெல்லாம் இணையப்பக்கம் வேண்டும் என்ற ஆசை வந்த நேரம் அது. எழுத்துருவை இறக்கி நிறுவிப் படியுங்கள் என்றால் செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். "தம்பி, எங்க தலைவருக்கே மவுஸ் பிடிக்கத் தெரியாது. திறந்தா தமிழ் தெரியணும்." சரி என்று வரவேற்புரை, ஆண்டறிக்கை, நிர்வாகக்குழுப் பட்டியல் எல்லாவற்றையும் ஜிஃப் படமாக்கி ஏற்றினோம். 40 கிலோபைட் படம் 28.8 மோடத்தில் இறங்கப் பதினொரு விநாடிக்கு மேல் ஆகும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரவேற்புரை தெரியும். முதல் வரியைப் படித்துவிட்டு, இரண்டாவது வரிக்குக் கோப்பி கலக்கிக்கொண்டு வரலாம்.

ஏன் ஜிஃப், ஏன் ஜேபெக் இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஜேபெக் புகைப்படத்துக்காகச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைத் தள்ளிவிட்டு அளவைக் குறைக்கும். முகத்தில் அது தெரியாது. கறுப்பு எழுத்து வெள்ளைத் தாளைச் சந்திக்கும் விளிம்பில்தான் அதன் வேலை அம்பலமாகும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் சாம்பல் துகள் படியும். ஆங்கிலத்துக்கு அதனால் பெரிய சேதமில்லை. தமிழுக்குப் புள்ளி உயிர். சின்ன எழுத்தில் அழுத்திச் சுருக்கினால் அந்தத் துகளுக்குள் புள்ளி கரைந்துபோய், 'வணக்கம்' என்பது 'வணககம' ஆகிவிடும். ஜிஃப்புக்கு 256 வண்ணத்துக்கு மேல் தெரியாது, ஆனால் வைத்த புள்ளி வைத்த இடத்தில் இருக்கும். தொல்காப்பியர் கேட்டால் ஜிஃப் பக்கம்தான் நிற்பார்.

நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாக ஃபோட்டோஷாப்பில் திறந்து, அளவு மாற்றி, வேறு பெயரில் சேமித்து மூடிக்கொண்டிருந்தவனுக்குப் பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் பழகிய நண்பன் ஒருவன் லினக்ஸ் சிடி ஒன்றைக் கொடுத்தான். அதில்தான் இமேஜ்மேஜிக் இருந்தது. கறுப்புத் திரையில் 'கன்வர்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டுப் பழைய கோப்பின் பெயர், இன்னொரு இடைவெளி விட்டுப் புதுக் கோப்பின் பெயர். அவ்வளவுதான். உள்ளே வருவது என்ன என்று கோப்பின் முதல் சில பைட்டுகளை மோப்பம் பிடித்துத் தெரிந்துகொள்ளும். வெளியே போவது என்ன என்பதைப் புள்ளிக்குப் பின்னால் நாம் எழுதும் மூன்றெழுத்திலிருந்து புரிந்துகொள்ளும். டிஃப் கொடுத்து ஜிஃப் கேட்டால் ஜிஃப், பிஎன்ஜி கேட்டால் பிஎன்ஜி. 'மாக்ரிஃபை' என்ற அண்ணன் ஒருவன் உண்டு. கோப்புறையில் உள்ள கோப்புகளைக் காட்டினால் போதும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவான். சொல்லாவிட்டால் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடுவான் என்பதால் வேறு கோப்புறையைக் கைகாட்டித்தான் அவனை ஏவ வேண்டும்.

இதைச் செய்தவர் ஜான் கிறிஸ்டி. 1987ல் அமெரிக்காவில் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில் இருந்தார். கோடிக்கணக்கான வண்ணம் கொண்ட 24 பிட் படங்களை 256 வண்ணம் மட்டும் காட்டத் தெரிந்த திரையில் காட்ட வேண்டிய தலைவலி அவருடையது. அதற்கு எழுதிய நிரலை 1990 ஆகஸ்ட்டில் ஊருக்கெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டார். டூபாண்ட் தலைவலிக்குப் பிறந்த மருந்து சிராங்கூன் சாலையில் பால்குட நோட்டீஸுக்கு உதவியது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதலாளிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஃபோட்டோஷாப்புக்குப் பணம் கட்டியவர் அவர். சிம் லிம் ஸ்குவேரில் பேரம் பேசிப் பெரிய திரை வாங்கிப் போட்டவர். உழைப்பை மவுஸ் சத்தத்தால் அளப்பவர். நானோ ஒரு வரி அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கோப்புகள் தாமாக மாறிக்கொண்டிருக்கும்.

"என்னப்பா, சும்மா உக்காந்திருக்கே?"

"மாறிக்கிட்டு இருக்குண்ணே."

"எது மாறுது? திரையிலே ஒண்ணுமே இல்லையே!"

இந்த இலவச மென்பொருளின் குறையே அதுதான். வேலை நடப்பதை யாருக்கும் காட்டாது. வாடிக்கையாளர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் ஃபோட்டோஷாப்பைத் திறந்து முன்னால் வைத்துவிடுவேன். அவர் எதிரில் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினால்தான் பக்கத்துக்குப் பத்து வெள்ளி கேட்க முதலாளிக்கு வாய் வரும். முதலாளியின் விண்டோஸ் என்டி பெட்டியிலும் இதைப் போட்டுப் பார்த்தேன். 'கன்வர்ட்' என்றதும் விண்டோஸ் தன் சொந்த கன்வர்ட்டைக் கூப்பிட்டது. அது படத்தைத் தொடாது, வன்தட்டையே ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றுகிற ஆள். பெயர்ப் பொருத்தம் பார்க்காமல் பெண் எடுத்த கதை. நான் லினக்ஸ் பெட்டிக்கே திரும்பினேன்.

ஜிஃப்புக்கும் ஒரு வழக்கு இருந்தது. அதைச் சுருக்குகிற எல்இசட்டபிள்யூ என்ற உத்திக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை. ஜிஃப் எழுதும் மென்பொருள்கள் உரிமம் பெற வேண்டும் என்று 1994 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. கோபித்துக்கொண்டவர்கள் 1996ல் பிஎன்ஜியைக் கொண்டுவந்தார்கள். வழக்குக்குப் பயந்து சில லினக்ஸ் வட்டுகளில் இமேஜ்மேஜிக்கை அந்த உத்தி இல்லாமல் கட்டியிருந்தார்கள். ஜிஃப் வரும், ஆனால் சுருங்காமல் பருத்துப்போய் வரும். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை காலாவதியான நாள் 2003 ஜூன் 20. அதே நாளில்தான் இங்கே வடக்கு–கிழக்கு ரயில்பாதை ஓடத் தொடங்கியது, தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டி நிலையமும் கிடைத்தது. ஜிஃப் விடுதலையைக் கொண்டாடத் தேக்காவில் ஒருவரும் வரவில்லை. நிலையத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அதன்பிறகு நல்ல காலம் பிறந்தது. யூனிகோடு எங்கும் வந்தது. 2013ல் ஐஃபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்து உட்கார்ந்தது. எழுத்துரு அனுப்ப வேண்டாம், ஜிஃப் வேண்டாம், ஜாலான் புசாருக்கு நடக்க வேண்டாம். எழுத்து எழுத்தாகவே ஊர்விட்டு ஊர் போகும். நா. கோவிந்தசாமி கேட்டது கிடைத்துவிட்டது. படமாக்கும் தொழிலுக்கு இனி வேலை இல்லை என்று நான் கணக்குப் போட்டேன்.

இந்தக் கணக்கைத் தினமும் காலை ஆறரைக்கு வாட்ஸ்அப் வந்து திருத்துகிறது. 'காலை வணக்கம்' என்பது யூனிகோடில் பதினொரு குறி, ஒரு இடைவெளி. குறிக்கு மூன்று பைட் வீதம் 33, இடைவெளிக்கு ஒன்று, ஆக 34 பைட். எங்கள் புளோக் குழுவில் அது ரோஜாப்பூ, சூரிய உதயம், ஆவி பறக்கும் கோப்பை, அப்துல் கலாம் ஆகியோருடன் 150 கிலோபைட் ஜேபெக்காக வருகிறது. நாலாயிரம் மடங்குக்கு மேல். மூன்று அத்தைகள் அனுப்பினால் மூன்று மடங்கு. கைக்குள் தமிழ் விசைப்பலகை இல்லாத காலத்தில் வேறு வழியின்றிப் படமாக்கினோம், இப்போது எல்லா வழியும் இருக்கும்போது ஆசையாகப் படமாக்குகிறார்கள். அதுவும் ஜேபெக்காக. நாலு பேர் சேமித்து மறுபடி ஏற்றி, ஒவ்வொரு கையிலும் ஒரு முறை அழுந்தி வந்த வணக்கத்தில் புள்ளியைத் தேட வேண்டியிருக்கிறது.

அச்சுக்கடைகள் மாறியிருக்கும் என்று நினைத்தீர்களா? சுவரொட்டி வடிவமைக்கும் இளைஞர்கள் இன்றும் தமிழை "அவுட்லைன் பண்ணி அனுப்புங்க அங்கிள்" என்கிறார்கள். அவர்களுடைய மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை முடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துவிடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தெரியாது, சுவரொட்டி அச்சாகி எம்ஆர்டி சுவரில் ஏறிய பிறகு நமக்குத்தான் தெரியும். அவுட்லைன் என்றால் எழுத்தைக் கோட்டோவியமாக்கிவிடுவது, அதாவது படம்.

என் பழைய தோழன் இமேஜ்மேஜிக்கும் இதில் சுத்தமில்லை. ஒரு படத்தின் மேல் எழுத்து வரையச் சொன்னால் வரையும். 'தேக்கா' என்று கொடுத்தேன். இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரிந்த நூலகம் சேர்க்காமல் கட்டிய பதிப்பு அது. கோப்பில் 'த' முதலில், இரட்டைச் சுழிக் கொம்பு அடுத்து. கண்ணுக்குக் கொம்புதான் முன்னால் நிற்க வேண்டும். அது கோப்பில் வந்த வரிசையிலேயே வரைந்தது. தனியாக ஒரு 'த', பிறகு கொம்பு, அதன்பின் 'க்கா'. கொம்பு தன் சொந்தக்காரரை விட்டுவிட்டு அடுத்த வீட்டு 'க்'கோடு குடித்தனம் நடத்தியது. 'ராக்ம்' என்ற நூலகத்தோடு கட்டிய பதிப்பைப் போட்ட பிறகே தேக்கா தேக்காவானது. முப்பது வயது தாண்டிய மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லையே என்று கோபம் வரவில்லை. இந்த ஊரில் அதைவிட அதிக வருடம் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் வேலை தலைகீழ். 2015ல் நாட்டின் பொன்விழாவையொட்டி, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் புத்தகங்களைத் திரட்டி மின்மயமாக்கும் திட்டத்தை அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து முடித்தார்கள். அதைப் பார்த்த சங்கங்களுக்குத் தங்கள் பழைய மலர்களின் நினைவு வந்தது. அந்த மலர்களின் தமிழெல்லாம் எங்கே? நானும் என்னைப் போன்றவர்களும் யாரும் தொட முடியாதபடி படமாக்கி வைத்திருக்கிறோம். அவற்றில் ஒரு பெயரைத் தேட முடியாது, ஒரு வரியை வெட்டி ஒட்ட முடியாது. "அண்ணே, நீங்கதானே செஞ்சீங்க, எழுத்தா எடுத்துக் குடுங்க" என்கிறார்கள்.

மறுபடி கறுப்புத் திரை. பக்கத்தை இமேஜ்மேஜிக்கில் கொடுத்து, வண்ணத்தை எடுத்து, சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, 300 புள்ளிக்கு ஏற்றி, சாம்பலைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்து, டெசராக்ட் என்ற எழுத்துணரியிடம் தள்ளுகிறேன். எச்பி ஆய்வகத்தில் பிறந்து, 2005ல் திறந்த மூலமாகி, பின்பு கூகுள் வளர்த்த பிள்ளை. தமிழ் படிக்கிறது. சங்கங்களின் இன்னும் பழைய மலர்களில், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான தும்பிக்கை வைத்த 'லை'யையும் 'ணை'யையும் பார்த்தால் மட்டும் திணறிப்போய் ஏதோ ஓர் எழுத்தைச் சொல்லித் தப்பிக்கிறது. காலும் 'ர'வும் ஒன்றாகத் தெரிகிற தேய்ந்த அச்சில், 'தாரா' என்பவர் 'தரரா' ஆகிறார். நான் பிடிவாதமாக ஜிஃப்பில் வைத்த பக்கங்களில் புள்ளிகள் பத்திரமாக வருகின்றன. வாடிக்கையாளர் கேட்டாரே என்று ஜேபெக்காகக் கொடுத்த பக்கங்களில் மெய்யெழுத்தெல்லாம் உயிர் பெற்றுவிட்டன.

கணக்கு எடுத்துப் பார்த்தால் மிஞ்சியது வேடிக்கையாக இருக்கிறது. ஜிப் டிஸ்க் போயிற்று. பணம் கட்டி வாங்கிய ஃபோட்டோஷாப் பதிப்பை எந்தக் கணினியும் ஏற்பதில்லை. ஃபிலிம் கடை போயிற்று, அந்த இடத்தில் கைப்பேசிக் கவர் விற்கிறார்கள். முதலாளி சந்தேகப்பட்ட அந்த ஒற்றை வரி மட்டும் இன்றும் ஓடுகிறது. ஏழாம் பதிப்பில் 'கன்வர்ட்' என்று அடித்தால் வேலையைச் செய்து கொடுத்துவிட்டு, இனிமேல் 'மேஜிக்' என்று கூப்பிடவும் என்று ஒரு வரி கண்டிப்பு. வயதானவர்களுக்கு அந்த உரிமை உண்டு. 2017லிருந்து ஐஃபோன் எடுக்கும் ஹெய்க் படங்களைக்கூட அதுதான் மாற்றித் தருகிறது. "சித்தப்பா, பாட்டி ஃபோட்டோ என் லேப்டாப்புல திறக்க மாட்டேங்குது" என்று அண்ணன் மகள் அனுப்புவாள். இனி மாற்ற வேண்டிய தேவையே இருக்காது என்று சொல்லித்தான் ஒவ்வொரு வடிவமும் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபின் மாற்ற வேண்டியது ஒன்று கூடியது.

போன பொங்கலுக்குச் சங்கச் செயலாளர் ஒரு வாழ்த்துப் படத்தை அனுப்பினார். யார் யாரோ அனுப்பி வந்த படம், எழுத்தெல்லாம் மங்கல். அதிலிருந்து வாழ்த்து மட்டும் எழுத்தாக வேண்டுமாம். நிமிர்த்தி, கறுப்பாக்கி, டெசராக்ட்டில் விட்டு, விட்டுப்போன புள்ளிகளைக் கையால் வைத்து நாலு வரியை அனுப்பினேன். மறுநாள் காலை அந்த நாலு வரி கரும்பு, பானை, மயில், சங்கச் சின்னம் சகிதம் ஜேபெக்காகக் குழுவில் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"எழுத்தா போட்டா யாரும் பாக்க மாட்டாங்கண்ணே. நீங்க அந்த எழுத்தைப் பத்திரமா வச்சிருங்க, அடுத்த வருஷம் கேக்குறேன்."

'சரி' என்று பதில் போட்டேன். 9 பைட். அதற்கு உடனே கைகூப்பிய ஸ்டிக்கர் ஒன்று வந்தது. வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வெப்பி வடிவம். அதை ஜேபெக்காக மாற்றித் தரச் சொல்லி இன்னும் யாரும் கேட்கவில்லை.